சங்கு நுழையும் உயரம்

புத்தகத்தில் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது.
எனக்கு மில்லிமீட்டரில் எதுவும் தோன்றாது.
நயினா கடைசியாக எடுத்த சங்கை
ஷோகேஸிலிருந்து கொண்டுவந்து
காருக்கு அடியில் நிமிர்த்தி வைத்தேன்.
நின்றது.
மேலே ஒரு விரல் இடம்கூட இருந்தது.

பிறகு எல்லோரையும் ஏறச் சொன்னேன்.
முன்னால் நயினா. பின்னால்
நாத்தனார் ஹபீபா, அவள் பிள்ளைகள் மூன்று பேர்.
டிக்கியில் அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் இரண்டு.
மணலில் கன்னம் வைத்துப் பார்த்தேன்.
சங்கின் முனை இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் இருப்பது யாருமில்லாத காரின் உயரம்.
யாருமில்லாத கார் எங்கே போகப் போகிறது?

பெரியபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு
முப்பத்தொரு வேகத்தடை.
பாதிக்கு மேல் அரசாங்கம் போட்டது.
மற்றது அவரவர் வாசலில் அவரவர் போட்டது:
பிள்ளை அடிபட்ட இடத்தில் ஒன்று,
ஆடு அடிபட்ட இடத்தில் ஒன்று,
யாரும் அடிபடாமலே ஒன்று.
பனந்தடியைப் புதைத்துத் தார் ஊற்றியது ஒன்றுண்டு.
நேராக ஏறினால் வயிறு உரசும்.
அந்தச் சத்தம் காரிலிருந்து வருவதாகவே தோன்றாது,
என் கடைவாய்ப் பல்லிலிருந்து வரும்.

கோணலாக ஏற்றப் பழகிக்கொண்டேன்.
முதலில் இடது சக்கரம், அப்புறம் வலது,
ஒருக்களித்துப் படியேறுகிற ஆள் மாதிரி.
"வண்டிக்கும் முட்டிவலியா லாத்தா" என்று
மீன்வண்டிக்காரன் கேட்டுவிட்டுப் போவான்.

கச்சான் காற்று மாசங்களில்
சாலை பாதி மணலுக்குள் கிடக்கும்.
லாரி போன தடம் இரண்டு பள்ளம், நடுவில் ஒரு மேடு.
அந்த மேட்டில் ஒளிந்திருந்த கல்லொன்று
போன வருஷம் ஆயில் சட்டியைக் கிழித்தது.
நாலாயிரத்து எண்ணூறு.
காரைத் தூக்கி நிறுத்திய கிளாட்வின்
துருவைச் சுரண்டிக் காட்டினான்:
"மேல கழுவுறீங்க அக்கா, அடியில யார் கழுவுறது?
உப்புக் காத்து அங்கதான் குடியிருக்கு."

உயரமான வண்டி எடுங்க மச்சி, பாதி நான் தர்றேன் என்று
ஷார்ஜாவிலிருந்து கொழுந்தன்.

போனோம்.
இருநூறு மில்லிமீட்டர் என்று ஷோரூம் பையன்
சக்கரத்தைத் தட்டினான், கன்றுக்குட்டியைத் தட்டுவது போல.
எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை.
அந்தச் சீட்டில் உட்கார்ந்தால்
பனந்தடி ஒரு பென்சில்.

நயினா கதவைத் திறந்தார்.
ஒரு கை கைப்பிடியில், ஒரு கை கூரையில்.
கால் எழவில்லை.
பன்னிரண்டு பாகம் ஆழத்திலிருந்து
ஒருநாள் அவசரமாக மேலே வந்த கால்.
அன்றிலிருந்து இடுப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது,
இவ்வளவு உயரம், அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது.
"படி மாட்டிரலாம் சார், ஆறாயிரம்தான்."
"படியும் ஏறணுமே தம்பி."

திரும்பி வரும்போது பேசவில்லை.
எங்கள் பழைய கார் அவரை
நாற்காலி போல வாங்கிக்கொள்ளும்:
திரும்பி உட்கார்ந்து, கால்களைக் கையால் எடுத்து உள்ளே வைத்தால் போதும்.
நிலத்துக்கு ஆகாத உயரம்தான்
அவருக்கு ஆகிற உயரம்.

பனந்தடி வந்தது. அவர்தான் சொன்னார்:
"பாரில் வள்ளம் தட்டுற இடத்துல என்ன செய்வோம்?
ரெண்டு பேர் குதிப்போம். வள்ளம் எழும்பும்."

அதனால் இப்போதெல்லாம் அந்த இடத்தில்
ஹபீபா இறங்குகிறாள், பேச்சை நிறுத்தாமல்.
பிள்ளைகள் இறங்கி ரோட்டில் குப்புறப் படுத்து
"வா மாமி, வா, வா" என்று கத்துகிறார்கள்.
நயினா மட்டும் உள்ளே,
செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளங்காலைத் தரையில் பதித்து
கீழே என்ன போகிறது என்று கேட்டுக்கொண்டு.
"தொடல," என்கிறார்.

எல்லோரும் ஏறிக்கொள்கிறார்கள்.
கார் மறுபடி எங்கள் அளவுக்குத் தாழ்கிறது.
இன்னும் பத்தொன்பது.